சுங்கை சிப்புட் புகைச்சூளை: எதை வாங்கலாம், எதை விடலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்துச் சடக்கோரம் (சாலையோரம்) இருக்கும் இந்த மண்பாண்டப் பட்டறைக்குப் போனால், உமியில் புகையூட்டிய கறுப்பு ஜாடி ஒன்றை வாங்காமல் திரும்பாதீர்கள். கையில் அடங்கும் ஜாடி 65 ரிங்கிட். முழங்கால் உயரத்தில் இருப்பது 400ஐத் தொடும். மண் சாமானுக்கு இவ்வளவு விலையா என்று எங்கள் பசாரில் பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஊரில் பூசைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். அகல், தூபக்கால், பொங்கல் பானை, தீச்சட்டி, கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, கருமாதிக்குக் குடம் என்று மண் சாமான் என் கையில் புழங்காத நாள் கிடையாது. லாரியில் வந்து இறங்கும் பானையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுப்பேன். ணங்கென்று கேட்டால் நன்றாக வெந்தது. டொப்பென்று கேட்டால் வேகாதது, அல்லது கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ கீறல் விட்டிருக்கிறது. இந்தப் பட்டறையில் புகைச்சூளை போடும் தம்பியின் அம்மா செய்யும் அகலும் பொங்கல் பானையும் என் கடையில் விற்பனைக்கு இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. தம்பியின் புகைச்சூளைச் சாமான்களை நான் விற்பதில்லை. அவற்றைப் பற்றி நான் சொல்லும் எதிலும் எனக்கு வரும்படி இல்லை.

இடம் பழைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பால்மரக் (ரப்பர்) காலத்தில் கட்டியது. இரண்டு வீடுகளுக்கு நடுச்சுவரை எடுத்துவிட்டுப் பட்டறை ஆக்கியிருக்கிறார்கள். முன்னால் அஞ்சடி என்கிற வாசல் நடையில் பலகை போட்டு விற்பனைக்கு உள்ளவற்றை அடுக்கியிருக்கும். பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனை, அதற்கும் பின்னால் சுண்ணாம்புக் குன்று. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டவை பீங்கான் பால் மங்குகள்தான். ஒரு காலத்தில் மரத்தில் கட்டியிருந்த அதே மங்குகள். இப்போது ஒன்றில் உப்பு, ஒன்றில் மயில்துத்தம் (செம்பு உப்பு), ஒன்றில் அன்னபேதி (இரும்பு உப்பு), ஒன்றில் பழைய மின்கம்பியை உரித்தெடுத்த செம்புக் கம்பி. பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்த மங்குகளை இன்னும் யாரோ தினமும் கழுவிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே சந்தோஷமாக இருந்தது.

சரி, குழிக்கு வருகிறேன்.

பட்டறைக்குப் பின்னால், செம்பனை வரிசை தொடங்கும் இடத்தில் குழி இருக்கிறது. முழங்காலுக்குச் சற்று மேல் ஆழம், ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் நீளம். மேலே உயரமாகத் தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. பேராக்கில் மத்தியானத்துக்கு மேல் எந்த நேரமும் மழை கொட்டும். குழியில் தண்ணீர் இறங்கினால் நெருப்பு அணைவதோடு போகாது, சூட்டில் இருக்கும் பானை சில்லுச் சில்லாகிவிடும். அதனால் கூரை முதலில், குழி அப்புறம்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ரப்பர் மரத்தூள். அதன்மேல் பானைகள். இடுக்குகளில் வாழைப்பழத்தோல், தேங்காய் மட்டை, ஒரு பிடி கல்லுப்பு. தோலைப் பசாரில் பீசாங் கோரெங் (வாழைப்பழப் பொரியல்) போடும் அக்கா பை பையாகக் கொடுத்தனுப்புகிறார். அதற்கும் மேலே பழம் உதிர்த்த பிறகு ஆலையில் மிஞ்சும் செம்பனை வெறுங்குலை, வெயிலில் காயவைத்து நார் நாராகப் பிய்த்தது. எல்லாவற்றுக்கும் மேல் விறகு. கொளுத்துவது மேலிருந்து. நெருப்பு மெல்லக் கீழே இறங்கட்டும் என்று தம்பி விடுகிறார். மேலிருந்து இறங்கினால் பானை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும், வெடிக்காது. சுவாலை தணிந்து தணல் ஆனதும் தகரத் தகடுகளைப் போட்டு ஓரங்களில் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார். புகை உள்ளேயே சுற்றிக்கொண்டு இருக்கும். மறுநாள் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கும்வரை யார் கேட்டாலும் திறக்கமாட்டார்.

இதில் வாழைத்தோலும் வெறுங்குலையும் சும்மா எரிபொருள் இல்லை. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். எரியும்போது அதுவும் உப்பிலிருந்து வரும் சோடியமும் ஆவியாகிப் பானையின் மேல் படிந்து மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கறை விடும். செம்பு பட்ட இடம் இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புவரை போகும். அன்னபேதியில் இரும்பு இருப்பதால் காவி. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக்கூடச் சுற்றி வைக்கிறார். காற்று கிடைக்காத இடத்தில் கரி மண்ணின் துளைகளுக்குள் புகுந்து கறுப்பாகத் தங்கிவிடுகிறது.

குழியில் சூடு 700 முதல் 900 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். காபிக் கடைப் பீங்கான் கோப்பைகள் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து கண்ணாடிப் பூச்சு உருகி மூடியவை. இவருடைய சாமான்களில் பூச்சே கிடையாது. மண்ணின் துளைகள் திறந்திருந்தால்தான் புகை உள்ளே போகும். குழிக்கு முன்பே மின்சூளையில் ஒரு முறை சுடுகிறார், அதையும் 900 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்கு மேல் போனால் துளையும் அடைபடும், கல்லால் தேய்த்து வரவழைத்த பளபளப்பும் போய்விடும்.

அந்தப் பளபளப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். விலையின் பாதி அதில்தான் இருக்கிறது. பானை பாதி காய்ந்து, அழுத்தினால் நெளியாத, ஆனால் நகம் பட்டால் இன்னும் கோடு விழும் பதத்துக்கு வந்ததும் கூழாங்கல்லை எடுப்பார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வழவழப்பான ஆற்றுக் கல். ஒரு துளி எண்ணெய் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக, கழுத்திலிருந்து அடிவரை தேய்ப்பார். மண்ணின் பொடித் துகள்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்து மேல்பரப்பு மின்ன ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கல் போகும் சத்தம் முதலில் சரசரவென்றும், போகப் போகச் சத்தமே இல்லாமலும் ஆவது தெரியும். சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம், அடுத்த இடத்துக்கு நகர்வார். ஒரு நடுத்தர ஜாடிக்கு ஒரு பொழுது ஆகிறது. அஞ்சடியில் கறுப்பு ஜாடியைக் கையில் எடுத்தால் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். கல் போன தடம் மெல்லிய பட்டைகளாகத் தெரியும். அதுதான் கைவேலை.

இனி அந்தக் கறுப்பு. கோலகங்சாரில் பேராக் ஆற்றுக்கு அக்கரையில் சாயோங் இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். அங்கே மலாய்க்காரர்கள் செய்யும் லாபு சாயோங் என்ற தண்ணீர்க் கூஜாவை மலேசியாவில் தெரியாதவர் குறைவு. சுரைக்காய் வடிவம், கறுப்பு நிறம், தண்ணீரைச் சில்லென்று வைத்திருக்கும். செக்கச் சிவந்த சூட்டில் கூஜாவை வெளியே எடுத்து நெல் உமிக்குள் புதைப்பதால் வரும் கறுப்பு அது. உமி கருகும்போது பக்கத்தில் இருக்கும் பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்கிறது. கரி உள்ளே ஏறுகிறது, மண்ணில் இருக்கும் சிவப்பு இரும்பும் காற்றில்லாமல் கறுக்கிறது. தம்பி இந்த வேலையை அங்கே ஒரு மலாய்க்காரப் பாட்டியிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். யாரிடம் கற்றார் என்பதை வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்கிறார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

நீண்ட இரும்புக் கிடுக்கியால் ஜாடியைத் தூக்கி, உமி நிரப்பிய தகர டிரம்முக்குள் இறக்கி, மேலே இன்னும் இரண்டு கூடை உமி கொட்டி மூடியைப் போடுவார். அந்த நேரத்தில் பேச்சே கிடையாது. எடுத்ததற்கும் மூடியதற்கும் நடுவே கொஞ்சம் தாமதித்தால் தோள் பகுதி பழுப்பாகிவிடும். நன்றாக வந்த ஜாடி நாவல்பழத் தோலின் கறுப்பு. அதில் நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. துணியில் தேன்மெழுகு தொட்டுத் துடைத்ததும் இன்னும் ஆழம் கூடும்.

சில ஜாடிகளுக்கு வாயும் உட்புறமும் மட்டும் கறுப்பு, வெளியே சிவப்பு. இவை உமியில் கவிழ்த்து வைத்துச் சுட்டவை. மதுரைக்குக் கோயில் பார்க்கப் போனபோது கீழடி அருங்காட்சியகத்துக்கும் போனோம், 2023ல் திறந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்த கறுப்பு சிவப்பு மண்கலங்களின் முன்னால் நான் நின்று நின்று பார்த்தேன். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, நடுவில் கோடு போடாமல் ஒன்றில் ஒன்று கரையும் அதே எல்லை. ஆதிச்சநல்லூரிலும் இந்த வகை கிடைத்திருக்கிறது. கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் புகாது, அதனால் உள்புறம் கறுக்கும் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம். தம்பியிடம் என் போனில் அந்தப் படங்களைக் காட்டினேன். "அக்கா, இந்த விளிம்பைப் பெரிசாக்கிக் காட்டுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அடுத்த சூளையில் அகலமான வாய் வைத்த ஒரு கிண்ண வரிசை வந்தது. சொல்லப்போனால் இன்றைக்கு அந்தப் பட்டறையிலேயே சிறந்தது அந்த வரிசைதான் என்பேன். 90 ரிங்கிட்டிலிருந்து.

வண்ணச் சாமான்களில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. பீடோர் பக்கத்து வெள்ளைக் களிமண் கலந்து செய்வதால் செம்பின் இளஞ்சிவப்பு எடுப்பாகத் தெரிகிறது, உண்மைதான். சுற்றுலாக்காரர்கள் அதைத்தான் முதலில் தூக்குகிறார்கள். ஆனால் சிலவற்றில் மயில்துத்தம், அன்னபேதி, உப்பு, கம்பி எல்லாமே ஒரே பானையில் சேர்ந்து எதுவும் நிற்காமல் போகிறது. ஒரே ஒரு செம்புக் கம்பியைத் தோளில் சுற்றி, மற்றதைப் புகைக்கு விட்டுவிட்ட ஜாடிகள் இருக்கின்றன. கம்பி இருந்த இடத்தில் கரிய கோடு, அதன் இரு பக்கமும் சிவப்பு மெல்லப் பரவியிருக்கும். அவற்றைத் தேடி எடுங்கள்.

பெரணி இலை வரிசையும் நல்லது. செம்பனை மரத்தின் மேல் ஒட்டி வளரும் பெரணிதான். இலையைப் பானையின் மேல் ஒட்டி, பெரிய சட்டிக்குள் மரத்தூளோடு வைத்து, மூடியின் வாயைக் களிமண்ணால் பூசி அடைத்துச் சுடுகிறார். இலை எரிந்து போகும், அதன் நிழல் மட்டும் பானையில் நிற்கும். நான் வாங்கியதில் இலையின் நடு நரம்பு முழுதாக விழுந்திருக்கிறது, ஓரத்துப் பற்கள்கூட எண்ணலாம்.

குறை ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சமீபமாகச் சில வண்ண ஜாடிகளுக்குக் கடையில் விற்கும் பளபள வார்னிஷைப் பீய்ச்சியிருக்கிறார். தூசி ஒட்டாது, விரல் கறை படியாது என்கிறார். ஒரு பொழுது முழுக்கக் கல்லால் தேய்த்ததன்மேல் பிளாஸ்டிக் மினுமினுப்பை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தொட்டால் மண் தெரியவில்லை. இதை நேரிலேயே சொன்னேன். "மெழுகு போட்டதையும் வெச்சிருக்கேன் அக்கா, கேட்டு வாங்கச் சொல்லுங்க" என்றார். ஆகவே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, சாமான்களில் விலைச் சீட்டு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. கூச்சப்படும் ஆட்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள், அதை நானே பார்த்தேன். கட்டித் தருவதும் பழைய பேப்பரில்தான். ஈப்போவரைக்கும் பரவாயில்லை, விமானத்தில் எடுத்துப் போகிறவர்கள் துணியும் பெட்டியும் கொண்டுவர வேண்டும். குறைந்த சூட்டில் வெந்த மண் என்பதால் இடி தாங்காது.

அவர் விஷயத்தில் எனக்குப் பெரிய மரியாதை வந்தது ஒரு வாடிக்கையாளரை அவர் திருப்பி அனுப்பியபோது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தம்பதி, இளஞ்சிவப்புக் கிண்ணங்கள் ஆறு வேண்டும், பாயசம் ஊற்றிக் கொடுக்க அழகாக இருக்கும் என்றார்கள். நல்ல வியாபாரம். இவர் முடியாது என்றார். செம்பு உப்புகள் பட்ட சாமானில் சாப்பாடு கூடாது, பூச்சில்லாத மண் ஈரத்தை உறிஞ்சும், புகை வாடையும் ஏறும் என்று பொறுமையாக விளக்கினார். அவர்கள் மறுபடி கேட்டார்கள். காசை நீட்டினார்கள். "பூ வைங்க, விளக்கு வைங்க, சாவிக் கொத்து போட்டு வைங்க. திங்கறதுக்குத் தரமாட்டேன்" என்று முடித்துவிட்டார். காய்ந்த பூவுக்குத்தான் சரி, தண்ணீர் ஊற்றினால் கசியும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மயில்துத்தம் போட்ட சூளை எரியும்போது வடிகட்டி வைத்த முகக்கவசம் போட்டுக்கொள்கிறார், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. ஆவி நஞ்சு. அண்டை வீடுகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார், துணி காயப்போட மாட்டார்கள். புகைமூட்டக் காலத்தில் சூளையே கிடையாது.

நீலச் சட்டை போட்ட தடித்த கணக்கு நோட்டு ஒன்று குழிக்கருகே தொங்குகிறது. தோட்டத்துக் கிராணி வைத்திருந்த பேரேட்டைப் போல நீளவாக்கில். ஒவ்வொரு சூளைக்கும் ஒரு பக்கம்: எந்தப் பானை எங்கே நின்றது என்று படம், காற்று எந்தப் பக்கம் அடித்தது, விறகு ஈரமா, எத்தனை மணிக்கு மூடினார். திறந்த பிறகு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து எழுதுகிறார். நான் தட்டுவதைப் போலவே விரல் முட்டியால்தான். டொப்பென்று கேட்டதை அங்கேயே உடைக்கிறார். உடைத்த சில்லைப் பொடி செய்து அடுத்த களிமண்ணில் கலக்கிறார், அப்படிக் கலந்த மண் சூட்டை நன்றாகத் தாங்கும். ஒரு குழியில் பாதி தேறினால் அவருக்கு நல்ல சூளை. தேறாத அந்தப் பாதிக்கும் கல் போட்டுத் தேய்த்த பொழுதுகள் போய்விடுகின்றன. 65 ரிங்கிட் என்பதை இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சமைக்க வேண்டுமென்றால் அம்மாவிடம் போங்கள். பட்டறையின் மறுபாதி அவருடையது. செம்மண் சட்டி, பொங்கல் பானை, பணியாரக் கல், அகல். உப்பும் துத்தமும் அங்கே அண்டாது, வேறு சூளை. மீன் குழம்புச் சட்டி 25 ரிங்கிட், மூடியோடு. சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம், அடி உருண்டு அடுப்பில் நன்றாக உட்காரும். வாங்கியதும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி, பிறகு சோறு வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். கஞ்சியின் மாவுச்சத்து துளைகளை அடைக்கும். இரண்டு மூன்று தடவை இப்படிப் பழக்கினால் கசிவு நின்றுவிடும். அவசரப்பட்டு முதல் நாளே பெரிய தீயில் வைத்து, விரிசல் விட்டது என்று என் கடையில் வந்து சண்டை போடுகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

ஞாயிறு காலையில் வகுப்பு உண்டு, ஆளுக்கு 120 ரிங்கிட், எட்டுப் பேருக்கு மேல் எடுப்பதில்லை. ஏற்கெனவே வனைந்து வைத்த கிண்ணத்தைக் கல்லால் தேய்ப்பதும், எதைச் சுற்றுவது என்று முடிவு செய்வதும்தான் வேலை. சக்கரத்தில் உட்காரலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். என் அண்ணன் பேத்தியைக் கூட்டிப்போனேன், இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறாள். முதலில் கல்லைக் கன்னாபின்னாவென்று ஓட்டினாள். தம்பி அவள் கையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தன் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளும் அதே வேகத்துக்கு வந்துவிட்டாள். சுட்ட கிண்ணம் அன்றே கிடைக்காது. அடுத்த குழி எப்போதோ அப்போதுதான், மழைக்காலத்தில் ஒரு மாதம்கூடத் தள்ளும். அஞ்சலில் அனுப்பமாட்டார், நேரில் வந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதை யோசித்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

ரயில் நிலையத்திலிருந்து காரில் கால் மணி நேரம். கடைசித் திருப்பத்துக்குப் பிறகு சடக்கு செம்மண், மழைக்குப் பின் சின்னக் கார் போவது சிரமம். சனி, ஞாயிறு காலை ஒன்பதுக்குத் திறப்பார்கள், மத்தியானம் இரண்டோடு சரி. பணம் கையிலும் கொடுக்கலாம், கியூஆரும் இருக்கிறது. குழி திறக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குப் போவது உத்தமம், நல்ல ஜாடிகள் அஞ்சடிக்கு வரும் முன்பே போய்விடுகின்றன. கீழடிக் கிண்ண வரிசைக்கு முன்பதிவு எடுக்கிறார், பாதிப் பணம் முதலில். தைப்பொங்கலுக்குப் பானை வேண்டுமென்றால் கார்த்திகைக்குள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மார்கழி பிறந்தால் அவர் புது ஆர்டர் வாங்குவதில்லை.